மலைக்குள் கிடந்த உலோகம் ஆற்றுக்கு வருவது எப்படி?

சுரங்கம் எதுவும் புதிதாக ஒரு கிராம் ஈயத்தைக்கூட உண்டாக்குவதில்லை. தோண்டுகிற இடத்தில் உள்ள ஈயம், காட்மியம், ஆர்சனிக் எல்லாமே அந்தப் பாறையில் பல கோடி ஆண்டுகளாகக் கிடந்தவைதான். மேலே மரம் முளைத்தது, பக்கத்தில் ஓடை ஓடியது, ஓடையில் மீன் இருந்தது. தோண்டிய சில பத்தாண்டுகளில் அதே ஈயம் வீட்டு முற்றத்துப் புழுதியிலும், அதே காட்மியம் நெல்மணியிலும் வந்து நிற்கிறது. உலோகத்தின் அளவு கூடவில்லை, அது இருந்த நிலை மாறியிருக்கிறது. அதனால் இந்த விஷயத்தில் ‘எவ்வளவு இருக்கிறது?’ என்று மட்டும் கேட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும். ‘எந்த வடிவத்தில் இருக்கிறது, இப்போது எங்கே இருக்கிறது?’ என்று சேர்த்துக் கேட்க வேண்டும். கீழே வருவது முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான்.

கன உலோகம் என்பதற்குக் கறாரான இலக்கணம் எதுவும் கிடையாது. ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 5 கிராமுக்கு மேல் எடையுள்ள உலோகங்களைப் பொதுவாக அப்படிச் சொல்கிறார்கள். ஈயம், பாதரசம், காட்மியம், நிக்கல், குரோமியம், தாமிரம், துத்தநாகம் எல்லாம் இதில் வரும். ஆர்சனிக் முழு உலோகம்கூட இல்லை, ஆனாலும் நச்சுக் கணக்கில் அதையும் இந்தப் பட்டியலில்தான் வைப்பார்கள். தாமிரமும் துத்தநாகமும் உடலுக்குக் கொஞ்சம் வேண்டும், மிஞ்சினால்தான் தொல்லை. ஈயத்துக்கும் பாதரசத்துக்கும் உடலில் எந்த வேலையும் இல்லை. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு: தனிமம் என்பதால் அழியாது. பூச்சிக்கொல்லியையோ எண்ணெயையோ நுண்ணுயிர்கள் காலப்போக்கில் சிதைத்துவிடும். ஈயத்தைச் சிதைக்க எதுவும் இல்லை. இடம் மாறும், சேர்மம் மாறும், அவ்வளவுதான்.

பாறை பொடியாகும்போது

இன்று உலகில் தோண்டப்படும் தாமிரத் தாதுவில் பெரும்பாலானவற்றில் தாமிரம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. 0.6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு டன் தாதுவில் 6 கிலோ தாமிரம் கிடைக்கும், 994 கிலோ கழிவாகும். தங்கத்தில் நிலைமை இன்னும் மோசம், ஒரு டன்னுக்குச் சில கிராம்தான். தாதுவைத் தொடுவதற்கு முன்பே அதை மூடியிருந்த வெறும் பாறையை வெட்டி ஒதுக்க வேண்டும். அது தனிக் குவியல். ஆக ஒரு சுரங்கத்தை உலோகம் எடுக்கும் இடம் என்பதைவிடக் கழிவு சேரும் இடம் என்று பார்ப்பது எடைக் கணக்குப்படி சரியாக இருக்கும்.

வெட்டிய தாதுவை ஆலையில் மாவு போல அரைக்கிறார்கள். கற்கண்டுக் கட்டி தண்ணீரில் கரைய நேரமாகும், அதையே பொடித்துப் போட்டால் உடனே கரையும் இல்லையா, இங்கேயும் அதே விவகாரம்தான். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கல் துண்டின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதை 0.1 மில்லிமீட்டர் பக்கமுள்ள துகள்களாக உடைத்தால் பத்து லட்சம் துகள்கள் கிடைக்கும், அவற்றின் மொத்த மேற்பரப்பு 600 சதுர சென்டிமீட்டர். காற்றும் தண்ணீரும் தொடக்கூடிய இடம் நூறு மடங்கு ஆகிவிட்டது. அரைத்த தாதுவிலிருந்து வேண்டியதை எடுத்தபின் மிஞ்சும் நுண்கசடைத் தண்ணீரோடு குழம்பாகக் குழாயில் அனுப்பி, கரை கட்டிய ஒரு பெரிய குட்டையில் தேக்குவார்கள். சுரங்கக்காரர்கள் இதை டெய்லிங்ஸ் என்பார்கள். உலகின் பெரிய சுரங்கங்களில் இந்தக் குட்டைகள் ஊர் அளவுக்கு விரிந்து கிடக்கும்.

கல்லிலிருந்து அமிலம்

தாமிரம், ஈயம், துத்தநாகம் மூன்றும் பெரும்பாலும் கந்தகத்தோடு சேர்ந்த சல்பைடு தாதுக்களாகவே கிடைக்கின்றன. கூடவே அநேகமாக எப்போதும் பைரைட் இருக்கும். இரும்பும் கந்தகமும் சேர்ந்த, பார்க்கத் தங்கம் போல மினுங்கும் கனிமம். விலை போகாது என்பதால் அது நேராகக் கழிவுக்குப் போய்விடும். பூமிக்கு அடியில் ஆக்சிஜன் எட்டாத இடத்தில் பைரைட் ஒன்றும் செய்யாது. காற்றும் ஈரமும் பட்டால் அதன் கந்தகம் ஆக்சிஜனோடு சேர்ந்து கந்தக அமிலமாகிறது, இரும்பு தண்ணீரில் கரைந்து வருகிறது.

அதோடு முடிந்தால் பரவாயில்லை. கரைந்த இரும்பு மேலும் ஆக்சிஜன் ஏற்று வேறொரு வடிவத்துக்கு மாறும்போது, அதுவே பைரைட்டைத் தாக்கும் வேதிப்பொருளாகிவிடுகிறது. அமில நீரில் இந்த மாற்றம் தானாக நடந்தால் மிக மெதுவாக நடக்கும். ஆனால் இரும்பிலிருந்து சக்தி எடுத்துப் பிழைக்கும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன, அசிடிதியோபேசில்லஸ் என்ற வகை அவற்றில் பிரபலமானது. இவை புகுந்தால் வேகம் லட்சக்கணக்கான மடங்கு கூடும். அமிலம் கூடக் கூட இவற்றுக்குக் கொண்டாட்டம். அமிலம் இரும்பைக் கரைக்கும், இரும்பு பைரைட்டைத் தின்னும், பைரைட் மேலும் அமிலம் தரும். காற்றையும் ஈரத்தையும் தடுக்கும்வரை, அல்லது பைரைட் தீரும்வரை, இந்தச் சுழற்சி ஓயாது. ஸ்பெயினின் ரியோ டின்டோ பகுதியில் மனிதர் தோண்டத் தொடங்கி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகின்றன. அந்த ஆறு இன்றும் சிவந்த அமிலமாகத்தான் ஓடுகிறது. அங்கே பாறையே இயற்கையாகக் கொஞ்சம் அமிலம் கசியவிடும் ரகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும், எல்லாப் பழியையும் சுரங்கத்தின் மேல் போட முடியாது.

அமிலத்தை பிஎச் என்ற அளவால் சொல்வார்கள். 7 நடுநிலை. ஒவ்வோர் எண் இறங்கும்போதும் அமிலம் பத்து மடங்கு கூடும், ஆகவே பிஎச் 3 என்பது 5-ஐ விட நூறு மடங்கு அமிலம். சுரங்க ஓடைகளில் 2 முதல் 4 வரை சாதாரணம். கலிபோர்னியாவின் அயர்ன் மவுண்டன் சுரங்கத்துக்குள் அளந்ததில் பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 3.6 வந்தது. இயற்கைச் சூழலில் பதிவானவற்றில் இதுதான் மிக அதிக அமிலமுள்ள நீர்.

அமிலம் ஏன் முக்கியம் என்றால், தாமிரம், துத்தநாகம், காட்மியம், நிக்கல் எல்லாம் அமில நீரில்தான் நன்றாகக் கரையும். கல்லில் இருக்கும்வரை நகராதவை, கரைந்தபின் தண்ணீர் போகும் இடமெல்லாம் போகும். ஒரே அளவு காட்மியம் உள்ள இரண்டு சுரங்கங்களில் ஒன்று ஆற்றைக் கெடுக்கும், மற்றொன்று கெடுக்காது. இரண்டாவதில் பாறையோடு சுண்ணாம்புக் கனிமம் கலந்திருந்தால், உண்டாகும் அமிலத்தை அது அங்கேயே முறித்துவிடும். அதனால் சுரங்கம் தொடங்கும் முன்பே பாறை மாதிரிகளை எடுத்து, அமிலம் தரக்கூடிய பங்கு எவ்வளவு, அதை முறிக்கக்கூடிய பங்கு எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பார்கள். என் கணக்கில் ஒரு சுரங்கத் திட்ட அறிக்கையில் முதலில் புரட்ட வேண்டிய பக்கம் அதுதான்.

ஓடையோரமாக ஒரு நடை

கைவிட்ட ஒரு சுரங்கத்தின் வாயிலிருந்து வரும் நீரோடு கீழ்நோக்கி நடந்தால் மேலே சொன்ன வேதியியல் எல்லாம் கண்ணுக்கே தெரியும். வாயருகே தண்ணீர் சில இடங்களில் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். இதைத்தான் புதிதாகப் பார்ப்பவர்கள் நல்ல தண்ணீர் என்று நினைத்துவிடுகிறார்கள். அமிலத்தில் எல்லாம் கரைந்து கிடப்பதாலும், பாசி புழு எதுவும் பிழைக்காததாலும் வந்த தெளிவு அது. கொஞ்சம் தள்ளி, காற்றில் கலந்து அமிலம் சற்றுக் குறையும் இடத்தில் கற்களின் மேல் ஆரஞ்சு நிறச் சேறு படியத் தொடங்கும். பிஎச் ஏறக்குறைய மூன்றரை வந்ததும் இரும்பு கரைசலிலிருந்து பிரிந்து விழுகிறது என்று அர்த்தம். நல்ல நீருள்ள ஒரு கிளை ஓடை வந்து சேரும் இடத்தில், பிஎச் ஐந்தை ஒட்டும்போது, அடிக்கற்களில் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைப் படிவு தெரியலாம். அது அலுமினியம். மீனின் செவுளில் இது படிந்து மூச்சை அடைத்துவிடும். தாமிரம் விழ பிஎச் ஆறை ஒட்டி வர வேண்டும். துத்தநாகத்துக்கும் காட்மியத்துக்கும் எட்டு, ஒன்பது தேவைப்படும். சாதாரண ஆற்றில் அவ்வளவு வராது. ஆகவே ஆரஞ்சு நிறம் மறைந்து ஆறு பழையபடி அழகாகத் தெரியும் இடத்திலும் துத்தநாகமும் காட்மியமும் தண்ணீரோடு போய்க்கொண்டேதான் இருக்கும்.

நிறத்தை நம்ப முடியாது என்பதற்கு இது ஒரு பக்கம். மறுபக்கமும் உண்டு. ஆரஞ்சுச் சேறு பார்க்கப் பயமாக இருந்தாலும், கரைந்த ஆர்சனிக்கையும் ஈயத்தையும் தன்மேல் ஒட்டவைத்துத் தண்ணீரிலிருந்து இழுத்துக்கொள்வதும் அதுதான். படிந்து கிடக்கும்வரை அது சுத்தம் செய்யும் பொருள். வெள்ளம் வந்து புரட்டிப்போட்டால் கதை வேறு.

வெயில் காலத்தில் குவியலின் ஓரங்களில் வெள்ளை, மஞ்சள், இளம்பச்சை, நீலம் என்று உப்புப் பூத்திருக்கும். தண்ணீர் ஆவியானபின் மிஞ்சிய உலோக சல்பேட்டுகள் அவை. இவை தண்ணீர் பட்டதும் நொடியில் கரையும். மாதக்கணக்கில் சேர்ந்தது முழுவதையும் முதல் மழை ஒரே நாளில் ஆற்றுக்குக் கொண்டுபோய்விடும். பல இடங்களில் மீன் செத்து மிதப்பது கோடையில் அல்ல, கோடை முடிந்து பெய்யும் முதல் மழைக்கு அடுத்த நாள்.

அமிலத்தோடு முடியாத சிக்கல்

இதுவரை படித்ததும், சுண்ணாம்பு போட்டு அமிலத்தை முறித்தால் எல்லாம் சரியாகிவிடுமே என்று தோன்றும். தாமிரத்துக்கும் துத்தநாகத்துக்கும் அது சரி. ஆர்சனிக் அப்படி நடந்துகொள்ளாது. தண்ணீரில் அது எதிர்மின் சுமையுள்ள அயனியாகவோ மின்சுமை இல்லாமலோ இருக்கும். பிஎச் அதிகம் உயர்ந்தால் இரும்புத் துருவின் மேல் ஒட்டியிருந்த பிடி தளர்ந்து அது மறுபடி தண்ணீருக்கே வரும். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் அந்த இரும்புத் துருவே கரையும், அப்போதும் ஆர்சனிக் வெளியே வரும்.

குரோமியத்துக்கு இரண்டு முகம். மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம் தண்ணீரில் அதிகம் கரையாது, நச்சும் குறைவு. ஆறு இணைதிறன் கொண்டது எளிதில் கரையும், புற்றுநோய் உண்டாக்கும். தாதுவில் இருப்பது முதலாவது. திறந்துவிட்ட பாறையில் மாங்கனீசு ஆக்சைடுகள் உடனிருந்தால் அது மெல்ல இரண்டாவதாக மாறும். ஒடிசாவின் சுகிந்தா பள்ளத்தாக்கில், இந்தியாவின் குரோமைட் தாதுவில் பெரும்பங்கு இருக்கும் இடத்தில், சுரங்கத்திலிருந்து இறைக்கும் நீரில் உள்ள பிரச்சினை இதுதான். அங்கே நீரில் பெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பைக் கலந்து, ஆறு இணைதிறன் குரோமியத்தை மறுபடி மூன்று இணைதிறன் கொண்டதாக மாற்றுவது வழக்கமான சிகிச்சை. நன்றாகக் கவனியுங்கள், ஒரு அணு குரோமியம்கூட அழியவில்லை. வடிவம் மாறியது, ஆபத்தும் சேர்ந்து குறைந்தது.

இதையெல்லாம்விடச் சுவாரசியமான இடம் நெல் வயல். துத்தநாகத் தாதுவில் காட்மியம் எப்போதும் ஒட்டிக்கொண்டு வரும். ஜப்பானில் காமியோகா சுரங்கத்தின் கழிவு ஜின்சு ஆற்றில் கலந்து, கீழே தொயாமா பகுதியின் வயல்களுக்குப் பாசன நீராகப் போனது. அந்த அரிசியையும் நீரையும் பல்லாண்டுகள் உண்டவர்களுக்குச் சிறுநீரகம் பழுதாகி, எலும்பு மென்மையாகி, லேசாக அசைந்தாலே முறிந்தது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பல குழந்தைகள் பெற்ற, நடு வயது கடந்த பெண்கள். இதாய்-இதாய் நோய் என்று பெயர் பெற்ற இதை 1968-ல் ஜப்பான் அரசு மாசினால் வந்த நோயாக அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது. சிறுநீரகத்தில் சேர்ந்த காட்மியத்தில் பாதி வெளியேறவே பத்து முதல் முப்பது ஆண்டுகள் ஆகும் என்பதால், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தாலும் உடல் சேர்த்துக்கொண்டே போகும்.

நெல் வயலில் தண்ணீர் நிற்கும்போது மண்ணில் ஆக்சிஜன் இராது. அப்போது காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாத சேர்மமாகக் கிடக்கும், வேருக்குக் கிடைக்காது. கதிர் முற்றும் காலத்தில் வயலை வடித்து உலர்த்தினால் ஆக்சிஜன் புகுந்து அதை மறுபடி கரையவிடும், மணியில் காட்மியம் ஏறும். சரி, அப்படியானால் கடைசிவரை தண்ணீர் நிறுத்தலாமே? நிறுத்தலாம், ஆனால் ஆர்சனிக் நேர் எதிர். தண்ணீர் நிற்கும் மண்ணில்தான் அது கரையும், சிலிக்காவை உறிஞ்சும் அதே பாதை வழியாக நெல்லுக்குள் போகும். இரண்டும் உள்ள வயலில் ஒன்றைக் குறைத்தால் மற்றொன்று கூடும். தண்ணீர் விடும் நாட்களை மாற்றி மாற்றி இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டுபிடிக்க ஆராய்ச்சியாளர்கள் இன்னும் முயன்றுகொண்டிருக்கிறார்கள். மண்ணில் உள்ள மொத்த அளவை மட்டும் வைத்து ஒரு வயலை நல்லது கெட்டது என்று முத்திரை குத்த முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

பாதரசத்தின் வழி தனி. சிறு அளவில் தங்கம் எடுப்பவர்கள் தாதுப்பொடியில் பாதரசத்தைக் கலப்பார்கள், தங்கம் அதோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு சூடாக்கிப் பாதரசத்தை ஆவியாக்கித் தங்கத்தை எடுப்பார்கள். மனிதர்களால் காற்றில் சேரும் பாதரசத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்த வேலையிலிருந்து வருகிறது. ஆற்றுச் சேற்றில் விழுந்த பாதரசத்தைப் பாக்டீரியாக்கள் மெத்தில் பாதரசமாக்கும். அது சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கு, பெரிய மீனிலிருந்து மனிதருக்கு, ஒவ்வொரு படியிலும் செறிந்துகொண்டே போகும். எல்லாக் கன உலோகங்களும் இப்படி உணவுச் சங்கிலியில் ஏறும் என்று பல பாடப் புத்தகங்கள் பொத்தாம் பொதுவாக எழுதுகின்றன. ஈயமும் தாமிரமும் அந்த வகையில் ஏறுவதில்லை. இப்படிப் படிப்படியாகச் செறிவதற்கு நல்ல உதாரணம் மெத்தில் பாதரசம்தான்.

புழுதி வழியாக

தண்ணீரைப் பற்றியே பேசினால் ஈயத்தை விட்டுவிடுவோம். ஈயம் மண் துகளோடு இறுக ஒட்டிக்கொள்ளும், நிலத்தடி நீருக்கு எளிதில் இறங்காது. அது மனிதரிடம் வருவது பெரும்பாலும் புழுதியாக. தரையில் விளையாடி, கையை வாயில் வைக்கும் சிறு குழந்தைகள்தான் முதல் பலி. விழுங்கிய ஈயத்தில் குழந்தையின் உடல் ஏற்றுக்கொள்ளும் பங்கு பெரியவர்களை விட நான்கைந்து மடங்கு அதிகம். வளரும் மூளையைத்தான் அது தாக்கும், பாதுகாப்பான அளவு என்று எதையும் காட்ட முடியவில்லை.

2010-ல் நைஜீரியாவின் சம்பாரா மாநிலத்தில், ஈயம் மிகுந்த தங்கத் தாதுவை மாவு அரைக்கும் இயந்திரத்தில், வீட்டு முற்றத்திலேயே பொடித்திருக்கிறார்கள். சில மாதங்களில் 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அங்கே பெரிய சுரங்க நிறுவனம் எதுவும் இல்லை, கைத்தொழில்தான். சாம்பியாவின் கப்வேயில் ஏறக்குறைய 90 ஆண்டுகள் நடந்த ஈயச் சுரங்கமும் உருக்காலையும் 1994-ல் மூடப்பட்டன. மூடி முப்பது ஆண்டு ஆகியும் சுற்றுப்புறக் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் இருக்கிறது, கழிவு மேடு அங்கேயே கிடப்பதால்.

உடைவதும் மூடுவதும்

செய்தியில் வருவது கரை உடையும் நாள்தான். ஸ்பெயினின் அஸ்னால்கொல்யாரில் 1998 ஏப்ரலில் கசடுக் குட்டை உடைந்து குவாதியாமார் ஆற்றோர வயல்களில் கருஞ்சேறு பரவியது. சேற்றோடு மேல்மண்ணையும் சுரண்டி அள்ளினார்கள், அதற்குப் பின்னும் அந்த நிலத்தில் பயிர் செய்யத் தடை விதித்து அதை மரங்கள் நிறைந்த பசுமைப் பாதையாக்கினார்கள். ருமேனியாவின் பாயா மாரேயில் 2000 ஜனவரியில் சுமார் ஒரு லட்சம் கன மீட்டர் சயனைடு கலந்த கழிவு நீர் ஆற்றில் கொட்டி, ஹங்கேரியின் திசா வழியாக டான்யூப் வரை மீன்களைக் கொன்றது. சயனைடு வெயிலிலும் காற்றிலும் சிதைந்து போயிற்று, கூட வந்த உலோகங்கள் வண்டலில் தங்கின. பிரேசிலின் புருமாதின்யோவில் 2019 ஜனவரியில் குட்டை உடைந்தபோது 270 பேர் இறந்தார்கள். அங்கே நச்சு கொல்வதற்கு முன் சேறே கொன்றுவிட்டது.

உடைப்பை விட அமைதியான ஆபத்து சுரங்கத்தை மூடும்போது வருகிறது. ஆழச் சுரங்கத்தில் ஊறும் நீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருப்பார்கள். வேலை நின்றதும் பம்பையும் நிறுத்துவார்கள். நீர்மட்டம் மெல்ல ஏறி, பல ஆண்டுகளாகக் காற்றுப்பட்டு உப்புப் பூத்த சுவர்களை எல்லாம் கழுவிக்கொண்டு மேலே வரும். இங்கிலாந்தின் கார்ன்வாலில் வீல் ஜேன் என்ற வெள்ளீயச் சுரங்கம் 1991-ல் மூடப்பட்டது. 1992 ஜனவரியில் அடைப்பு பிய்த்துக்கொண்டு ஃபால் கழிமுகம் ஆரஞ்சு நிறமானது. அமெரிக்காவின் மொன்டானாவில் பெர்க்லி குழி என்ற திறந்தவெளித் தாமிரச் சுரங்கத்தின் பம்புகள் 1982-ல் நின்றன. குழி அமில ஏரியானது. 1995-ல் அதில் இறங்கிய பனி வாத்துகளில் 342 இறந்து கிடந்தன.

என்ன செய்ய முடியும்

உலோகத்தை அழிக்க முடியாது என்று ஆனபின் மிஞ்சுவது மூன்றே வழி: வராமல் தடுப்பது, வந்ததைப் பிடிப்பது, கிடப்பதை அசையாமல் கட்டிப்போடுவது. முதலாவதுதான் மலிவு. பைரைட் கழிவை நீருக்கடியில் வைத்தால் ஆக்சிஜன் எட்டாது. தண்ணீரில் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதை விடச் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு. நீரைத் தேக்க முடியாத இடத்தில் களிமண்ணும் மேல்மண்ணும் போட்டு மூடி மழை உள்ளே இறங்காமல் பார்ப்பார்கள்.

வந்துவிட்ட அமில நீருக்குச் சுண்ணாம்பு கலப்பது பழைய, நம்பகமான முறை. பிஎச்சை ஏற்றினால் உலோகங்கள் சேறாக விழும். நீர் ஆற்றுக்குப் போகலாம், சேறு? அதற்கு ஓர் இடம் வேண்டும், அந்த இடத்தையும் அமிலம் படாமல் காக்க வேண்டும். சுண்ணாம்புக்கல் நிரப்பிய வாய்க்கால், சல்பேட்டைச் சல்பைடாக்கும் பாக்டீரியாக்கள் வாழும் செயற்கைச் சதுப்பு நிலம் ஆகியவை ஆள் பலம் குறைவாக வேண்டும் முறைகள். நீர் கொஞ்சமாக வந்தால் நன்றாக வேலை செய்யும்.

மண்ணைச் செடி வைத்துச் சுத்தம் செய்யலாம் என்று படித்திருப்பீர்கள். ஆர்சனிக்கை இலையில் சேர்க்கும் டெரிஸ் விட்டாட்டா என்ற பெரணியும், துத்தநாகத்தையும் காட்மியத்தையும் சேர்க்கும் நாக்கியா என்ற சிறு செடியும் உண்மையிலேயே அதிசயங்கள்தான். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஹெக்டேரில் மேல் 20 சென்டிமீட்டர் மண் சுமார் 3000 டன். அதில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் காட்மியத்தைக் குறைக்க வேண்டுமானால் 6 கிலோ காட்மியத்தை வெளியே எடுக்க வேண்டும். செடி ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 3 டன் காய்ந்த எடை தந்து, கிலோவுக்கு 100 மில்லிகிராம் சேர்த்தால் ஆண்டுக்கு 300 கிராம். இருபது ஆண்டுகள் ஆகும், அதுவரை அறுத்த செடியை எல்லாம் ஆபத்தான கழிவாகக் கையாள வேண்டும். ஜின்சு ஆற்றுப் பகுதியில் மேல்மண்ணை மாற்றும் வழியையே தேர்ந்தார்கள். அதுவும் 1979-ல் தொடங்கி 2012-ல்தான் முடிந்தது.

வீட்டளவில் ஒன்று மட்டும் சொல்கிறேன். தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உலோகம் போகாது. நீர் ஆவியாகிக் குறைவதால் மிஞ்சியதில் அதன் செறிவு கொஞ்சம் கூடவே செய்யும்.

பரிசோதனை அறிக்கையைப் படிக்கும்போது

குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு ஈயம் 10, ஆர்சனிக் 10, காட்மியம் 3 மைக்ரோகிராம். 25 லட்சம் லிட்டர் கொள்ளும் பெரிய நீச்சல் குளம் முழுவதிலும் 25 கிராம் ஈயம் கரைந்தாலே வரம்பைத் தொட்டுவிடும். தாமிரத்துக்கு வரம்பு 2000, மனிதருக்கு. மென்னீரில் வாழும் மீனுக்குச் சில பத்து மைக்ரோகிராமே போதும், ஆகவே ‘குடிக்கலாம்’ என்ற அறிக்கை ‘ஆறு நலம்’ என்று ஆகாது. அலகையும் பாருங்கள். மில்லிகிராமில் 0.01 என்றால் மைக்ரோகிராமில் 10. இந்த இடத்தில் ஆயிரம் மடங்கு தவறாகப் படித்துப் பதறுகிறவர்களும் உண்டு, நிம்மதியாகிவிடுகிறவர்களும் உண்டு.

அடுத்து, மாதிரி எடுத்த விதம். நீரை 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்தபின் நைட்ரிக் அமிலம் சேர்த்துப் புட்டியை மூடினால் கிடைப்பது கரைந்த உலோகத்தின் அளவு. வடிக்காமல் அமிலம் சேர்த்தால் மிதக்கும் மண்ணில் உள்ளதும் கரைந்து எண் கூடிவிடும். அமிலமே சேர்க்காமல் நாள்கணக்கில் வைத்தால் உலோகம் புட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டு எண் குறைந்துவிடும். மூன்றும் ஒரே தண்ணீர்தான். எந்த மாதத்தில் எடுத்தது என்பதும் வேண்டும், முதல் மழையைப் பற்றி மேலே சொன்னது நினைவிருக்கட்டும்.

மண் அறிக்கையில் ‘மொத்தம்’ என்றிருந்தால் வீரியமான அமிலத்தில் முழுவதும் கரைத்து அளந்தது. தாவரத்துக்குக் கிடைக்கக்கூடிய பங்கு அதில் சிறிய பகுதியாகவே இருக்கலாம், பிஎச்சைத் தெரிந்துகொள்ளாமல் அதை ஊகிக்க முடியாது. கடைசியாக, ‘கண்டறியப்படவில்லை’ என்ற வரி. கருவி எவ்வளவு குறைந்த அளவுவரை பார்க்கும் என்ற எண்ணை அதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஆர்சனிக்கின் வரம்பு 10. அந்தக் கருவியால் 20-க்குக் கீழே பார்க்கவே முடியாது என்றால், அந்த வரியை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. அந்த எண் அறிக்கையில் அச்சாகவில்லை என்றால் ஆய்வகத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.